அமெரிக்காவில் அடிமைகளாக இருந்தோரின் பெயர்களை ஆவணங்களில் தேடும் முறை

1860-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்போது அமெரிக்காவில் சுமார் 39.5 லட்சம் பேர் அடிமைகளாக இருந்தார்கள். இந்த எண் எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும். அதற்குள் மறைந்திருக்கும் ஒரே ஒரு குடும்பத்தைப் பெயரோடு கண்டெடுப்பதுதான் கடினம். அந்தத் தேடலை 1870-இல் தொடங்கிப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். விடுதலை பெற்றவர்களின் பெயர், வயது, தொழில், பிறந்த மாநிலம் எல்லாம் கூட்டாட்சிக் கணக்கெடுப்பில் முதன்முறையாக முழுமையாகப் பதிவானது அந்த ஆண்டில்தான்.

1870-க்கு முந்தைய பத்தாண்டில் கால் வைத்ததும் பெயர்கள் மறைந்துவிடுகின்றன. 1850, 1860 ஆகிய ஆண்டுகளில் அடிமைகளுக்கெனத் தனிப் படிவம் இருந்தது. அதில் உரிமையாளரின் பெயர் மட்டும் எழுதப்பட்டு, அதன்கீழ் "26, பெண், கறுப்பு", "4, ஆண், கறுப்பு" என்ற வகையில் வரிகள் இறங்கிச் செல்லும். அந்த இருவரும் தாயும் மகனுமா என்பதைப் படிவம் சொல்லாது. பெரும்பாலும் வயது வரிசைப்படி எழுதியிருப்பதால், அடுத்தடுத்த வரிகளில் இருப்பவர்களை ஒரே குடும்பம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. இதில் இறங்குவதற்கு முன், நீங்கள் தேடுபவர் உள்நாட்டுப் போருக்கு (1861-65) முன்பே சுதந்திரமானவராக இருந்தாரா என்று பொதுக் கணக்கெடுப்பில் பார்த்துவிடுங்கள். சுதந்திரமான கறுப்பினத்தவரின் பெயர்கள் அங்கே உண்டு.

அடுத்து, உரிமையாளர் யார் என்று கண்டறிய வேண்டும். விடுதலை பெற்றவர்கள் எல்லோரும் கடைசி உரிமையாளரின் குடும்பப் பெயரையே வைத்துக்கொண்டார்கள் என்று நினைப்பது புதிதாகத் தேடுபவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. முந்தைய உரிமையாளரின் பெயரை வைத்துக்கொண்டவர்களும் உண்டு, தாங்களே ஒரு பெயரைத் தேர்ந்துகொண்டவர்களும் உண்டு. இங்கே கைகொடுப்பது விடுதலை பெற்றவர்களுக்காக 1865-இல் தொடங்கப்பட்ட ஃப்ரீட்மன்ஸ் சேமிப்பு வங்கியின் பதிவேடு. வங்கி 1874-இல் மூழ்கிப் பலரின் சேமிப்பு பறிபோனாலும், கணக்குத் தொடங்கியபோது எழுதிய விவரங்கள் எஞ்சியிருக்கின்றன. பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள், சில பக்கங்களில் பழைய உரிமையாளர் என்று ஒரு குடும்பமே ஒரு தாளில் கிடைப்பதுண்டு. அந்தப் போரில் கூட்டாட்சி அரசின் பக்கம் நின்ற வடக்குப் படையில் சுமார் 1,79,000 கறுப்பின வீரர்கள் பணியாற்றினார்கள். அவர்களின் கைம்பெண்கள் ஓய்வூதியம் கேட்டபோது தங்கள் திருமணத்தை நிரூபிக்க வேண்டியிருந்ததால், அந்தக் கோப்புகளில் அவர்கள் அளித்த வாக்குமூலமே இருக்கும். என் கணிப்பில் இதைவிட மதிப்புள்ள ஆவணம் வேறில்லை.

உரிமையாளரின் பெயர் தெரிந்தபின் அந்த மாவட்ட நீதிமன்றத்தின் உயில்களையும் சொத்துப் பட்டியல்களையும் புரட்டுங்கள். மனிதர்களின் பெயர்கள் கால்நடைக்கும் கட்டில் மேசைக்கும் நடுவே, பக்கத்திலேயே டாலர் மதிப்போடு எழுதப்பட்டிருப்பதை அங்கே காண்பீர்கள். வர்ஜீனியாவில் 1662-இல் வந்த சட்டம் பிள்ளையின் நிலை தாயின் நிலையைப் பொறுத்தது என்றது. மற்ற மாகாணங்களும் அதே வழியில் சென்றன. ஆகவே தாய்வழியைப் பிடித்துச் செல்வதே நல்லது. தந்தையின் பெயர் பெரும்பாலும் எங்கும் இராது.

விடுதலைத் தேதியை மாநிலம் பார்த்துக் குறியுங்கள். குடியரசுத் தலைவர் லிங்கனின் 1863 ஜனவரி 1 விடுதலைப் பிரகடனம், பிரிந்துபோய்ப் போரிட்ட தெற்கின் கிளர்ச்சிப் பகுதிகளுக்கு மட்டுமே பொருந்தியது. மேரிலாந்து 1864 நவம்பரில் தன் அரசியலமைப்பின் வழியே விடுவித்தது. டெக்சஸின் கால்வெஸ்டனில் விடுதலை ஆணை வாசிக்கப்பட்டது 1865 ஜூன் 19 அன்று. கென்டக்கியிலும் டெலவேரிலும் அவ்வாண்டு டிசம்பரில் அடிமை முறையை ஒழித்த 13-ஆவது அரசியலமைப்புத் திருத்தம் நிறைவேறும்வரை அடிமை முறை நீடித்தது. தலைநகர் வாஷிங்டனில் 1862 ஏப்ரலிலேயே விடுதலை வந்தது. ஆனால் ஒரு நபருக்கு 300 டாலர் வரை இழப்பீடு பெற்றவர்கள் உரிமையாளர்கள். அதற்காக அவர்கள் கொடுத்த மனுக்களில் விடுவிக்கப்பட்டவர்களின் பெயர்கள் இருப்பதால், அவற்றையும் தவறாமல் பாருங்கள்.

இவற்றிலும் தடம் கிடைக்காவிட்டால், போருக்குப் பிந்தைய கறுப்பினத்தவர் செய்தித்தாள்களில் வந்த, உறவினரைத் தேடும் விளம்பரங்களுக்குப் போங்கள். தாய் எந்த ஊரில் விற்கப்பட்டாள், யார் வாங்கினார், அண்ணன் எங்கே கொண்டுபோகப்பட்டான் என்று, தாங்கள் நினைவில் சுமந்துவந்த ஒவ்வொரு பெயரையும் அவர்கள் அதில் அச்சேற்றியிருக்கிறார்கள். அதில் வரும் ஒவ்வோர் உரிமையாளரின் பெயரையும் ஊரையும் வரிசையாகக் குறித்துக்கொண்டு, மீண்டும் அந்தந்த மாவட்டத்தின் சொத்துப் பட்டியல்களைத் திறவுங்கள்.