ஆரியுஸ் வழக்கை வேதபாட வகுப்பில் எடுப்பது எப்படி

நற்கருணை ஆராதனையில் நிசேயா விசுவாசப்பிரமாணத்தை மனப்பாடமாகச் சொல்கிறோம். குமாரன் பிதாவோடு "ஒரே தன்மை" உடையவர் என்ற வரி எந்தச் சண்டையில் பிறந்தது என்பதை ஒரு மணி நேரத்தில் விளக்கிவிடலாம்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீருங்கள். சென்னையில் 'ஆரியம்' என்றாலே வேறு விவாதம் நினைவுக்கு வரும். ஆரியுஸ் என்பது அலெக்சாந்திரியா சபைக் குரு ஒருவரின் பெயர். இனத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அடுத்த 20 நிமிடம் ஆரியுஸ் பக்கம் நின்றே பேசுங்கள். அவரை முட்டாளாகக் காட்டினால் வகுப்பு அங்கேயே செத்துவிடும். பிறப்பிக்கப்படுமுன் குமாரன் இல்லை என்பது அவர் வாதம். அதற்கு வலுவான ஆதாரம் நீதிமொழிகள் 8:22. அங்கே பேசும் ஞானத்தைக் குமாரன் என்றே இரு தரப்பும் எடுத்துக்கொண்டன. இங்கேதான் தமிழ் வகுப்பு தடுக்கும். நம் பழைய மொழிபெயர்ப்பில் "ஆதியாகக் கொண்டிருந்தார்" என்று இருப்பதால் வாதமே புரியாது. அவர் வாசித்த கிரேக்கத்தில் "படைத்தார்". கத்தோலிக்கர் வீட்டுத் திருவிவிலியத்திலும் "படைத்தார்"தான். ஒரு பிரதி இரவல் வாங்கி, இரண்டையும் சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். கூடவே, பிதா என்னிலும் பெரியவர் என்று இயேசு சொல்லும் யோவான் 14:28.

பிறகு, ஆரியுஸை எதிர்த்த அலெக்சாந்திரியா பேராயர் அத்தனாசியுஸின் பதில்: குமாரன் படைப்பு என்றால், படைப்பை வணங்குகிறோம் என்றாகிவிடும், படைப்பால் நம்மை மீட்கவும் முடியாது. இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள், சண்டையின் உயிரே இதுதான்.

"'ஒரே தன்மை' என்ற சொல் வேதத்தில் இல்லையே" என்று யாராவது கேட்பார்கள். இந்தப் பிரமாணத்தை முதலில் வகுத்த நிசேயா சங்கம் கூடிய 325இலேயே எழுந்த ஆட்சேபம் அது. வேத வார்த்தை எதைக் கொடுத்தாலும் ஆரியுஸ் தரப்பு தன் பொருளில் ஏற்றுக்கொண்டதால்தான் வெளியிலிருந்து சொல் எடுத்தார்கள். பலகையில் 'ஒரே தன்மை', 'ஒத்த தன்மை' இரண்டையும் எழுதுங்கள். கிரேக்கத்தில் ஓரெழுத்து வித்தியாசம். ஆனால் 'ஒத்த' கட்சி வலுத்தது 350களில். நிசேயாவில் நடந்ததாகச் சொல்லிவிடாதீர்கள்.

திரித்துவத்துக்குத் தண்ணீர், ஐஸ், நீராவி உதாரணம் வேண்டவே வேண்டாம். ஐஸ் உருகினால் ஐஸ் போய்விடும். ஒருவரே மூன்று வேஷம் போடுகிறார் என்ற சபேலியுஸின் போதனைக்கு அது கொண்டுபோய் விடும். மத்தேயு 3இல் குமாரன் தண்ணீரிலிருந்து கரையேறுகிறார், ஆவி புறாவைப்போல இறங்குகிறார், வானத்திலிருந்து சத்தம் கேட்கிறது. மூன்றும் ஒரே வேளையில்.

பரிசுத்த ஆவி பற்றிய கேள்விகளை அடுத்த வாரத்துக்கு வையுங்கள். 325 அறிக்கையில் அதற்கு ஒரே வரிதான். விரிவான பகுதி 381 கான்ஸ்தாந்திநோப்பிள் சங்கத்தோடு சேர்ந்தது.