மெல்ல ஓட்டினால் எஞ்சின் எண்ணெய் மிஞ்சுமா?

தோட்டத்து மேட்டிலிருந்து கப்சாய் ஒன்று முறுக்கை விட்டு இறங்குகிறது. கீழே வந்து மறுபடி முறுக்கியதும் குப்பென்று நீலப் புகை. எண்ணெயைத் தடுக்கும் பிஸ்டன் ரிங்கோ வால்வு சீலோ போய்விட்டது என்று சுங்கை சிப்புட் பெங்கேல்காரர் பார்த்ததுமே சொல்லிவிடுவார். சின்னப் பயிற்சி விமானத்தின் பிஸ்டன் எஞ்சினுக்கும் இதே குணந்தான். த்ராட்டலை முழுக்க மூடி நெடுநேரம் இறங்கினால், காற்று உள்ளே போகும் குழாயில் வெற்றிடம் கூடி, வால்வுத் தண்டு ஏறி இறங்கும் வால்வு கைடு வழியாக எண்ணெயை உறிஞ்சும். கொஞ்சம் பவர் வைத்தே இறங்குங்கள்.

இதைவிடப் பெரிய தவறு, புது சிலிண்டர் போட்ட எஞ்சினைப் பாவம் பார்த்து ஓட்டுவது. எரியும் வாயுவின் அழுத்தம் ரிங்குக்குப் பின்னால் புகுந்து தள்ளினால்தான் ரிங் சிலிண்டர் சுவரில் உரசிப் படியும். பவர் குறைந்தால் ரிங் எண்ணெய்ப் படலத்தின் மேலேயே வழுக்கும்; அந்த எண்ணெய் வெந்து, சுவரின் மெல்லிய கீறல்களை வார்னிஷ் மாதிரி அடைத்துவிடும். அப்புறம் எவ்வளவு பவர் கொடுத்தும் பயனில்லை. சிலிண்டரைக் கழற்றி, சுவரை மறுபடி மெல்லக் கீறி (ஹோன் பண்ணி), புது ரிங் போட வேண்டியதுதான். அதனால் லைகாமிங் நிறுவனத்தின் விமான எஞ்சினில் 65 முதல் 75 சதவீத பவரில் பறக்க வேண்டும். எண்ணெய்ச் செலவு நிலைப்படும்வரை, அல்லது 50 மணி நேரம், மினரல் எண்ணெய் (சேர்மானம் இல்லாத சாதா எண்ணெய்). உயரே போய்விடாதீர்கள்: நம் வெக்கையில் 5,000 அடியே எஞ்சினுக்கு 6,500 அடி போலத்தான். அங்கே காற்று மெலிந்து பவரும் குறையும். தரையில் நிறுத்திவைத்து உறுமவிடுவதும் வேண்டாம். காற்றோட்டம் இல்லாமல் சிலிண்டர் சூடேறும்.

செஸ்னா 172எஸ் பயிற்சி விமானத்தில் 8 குவார்ட் எண்ணெய் பிடிக்கும். ஒரு குவார்ட் லிட்டருக்குச் சற்றுக் குறைவு. குறுகிய பயணத்துக்கும் விளிம்புவரை ஊற்றினால், மேல் குவார்ட் எஞ்சினுக்குள் சேரும் வாயுவை வெளியே விடும் பிரீதர் குழாய் வழியாக வெளியேறி விமானத்தின் வயிற்றில் வழியும். அது எரிந்த எண்ணெய் அல்ல. குறைந்தபட்ச அளவான 5க்குக் கீழே மட்டும் விடாதீர்கள்.

எஞ்சினை நிறுத்திய கையோடு எண்ணெய் அளவுக் குச்சியைப் பார்க்கக் கூடாது, எண்ணெய் இன்னும் கீழே வடிந்திருக்காது. ஒரே சமதரை, ஒரே காத்திருப்பு, பல பயணங்களின் கணக்கு வேண்டும். முழு பவரில் அடிக்கடி ஏறி இறங்கிய நாளின் செலவை நிதானமாகப் பறந்த நாளோடு ஒப்பிடாதீர்கள். பவர் கூடினால் எண்ணெய் சூடாகி இளகும், ரிங்கைத் தாண்டிக் கசியும் வாயுவும் கூடும். லைகாமிங் தரும் உச்ச வரம்பு: 0.006 × குதிரைத்திறன் × 4 ÷ 7.4. 180 குதிரைத்திறனுக்கு மணிக்குச் சுமார் 0.58 குவார்ட். அதைத் தாண்டினால் ஊற்றிக்கொண்டே பறக்காமல், சிலிண்டர் கம்ப்ரஷனைச் சோதிக்கச் சொல்லுங்கள்.