பழைய தேநீரும் செவ்வியல் இசையும்: சேர்த்து ரசிக்கப் போய் சொதப்பும் இடங்கள்

பல வருடம் பதமாகிய பூ-அர் என்னும் சீனத் தேநீர் ஒரு பக்கம், நல்ல கச்சேரிப் பதிவு ஒரு பக்கம். இரண்டையும் சேர்த்து வைத்தால் சுகம் இரட்டிப்பாகும் என்றுதான் நானும் நினைத்தேன். ஆலாபனை மெல்ல எழும்பும் நேரம் பார்த்து கெட்டில் இரைய ஆரம்பித்தது. எழுந்து போய் அதை அணைத்து, அளந்து ஊற்றி, கடிகாரம் பார்த்து வடித்து முடிப்பதற்குள் ராகம் எங்கோ போயிருந்தது. நடுவில் கவனம் சிதறியதால் தேநீரும் கசந்துவிட்டது.

ஆகவே முதல் தவறு கெட்டில்தான். இசையின் மிக மென்மையான இடங்களை விழுங்க நீர் கொதிக்கும் சத்தம் ஒன்றே போதும். கணக்குப் போட்டால் வழி கிடைக்கும்: 100 மில்லி கொள்ளும் கிண்ணத்தில் பத்து ஈடு (அதே இலையில் நீர் ஊற்றி வடிக்கும் ஒவ்வொரு முறையும் ஓர் ஈடு) எடுத்தால் மொத்தம் ஒரு லிட்டர். அதை முன்பே கொதிக்க வைத்து, வெந்நீரில் அலசிச் சூடேற்றிய ஃபிளாஸ்க்கில் ஊற்றி வைத்துவிடலாம். பழைய பூ-அருக்கு 95 டிகிரிக்கு மேல் சூடு நல்லது. போகப்போக நீர் கொஞ்சம் ஆறினால், இலையை அதற்கேற்பக் கூடுதல் நேரம் ஊறவிட்டால் சரியாகிவிடும்.

பெரிய பாத்திரத்தில் ஒரேயடியாகப் போட்டு ஊறவிடுவது அடுத்த தவறு. கைவான் என்னும் மூடி போட்ட சிறு கிண்ணத்தில் ஆறேழு கிராம் இலை போதும். முதலில் ஊற்றும் நீரைச் சில விநாடிகளில் கொட்டிவிடுங்கள். அது இலையை எழுப்புவதற்கு மட்டும். பிறகு பத்து விநாடி, அடுத்தடுத்து கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம். வட்டாக அழுத்தி வைத்த இலை மெதுவாகத்தான் பிரியும். அதனால் முதல் இரண்டு ஈடு மெலிதாக இருக்கும். அதைக் குடித்துவிட்டு 'இவ்வளவுதானா' என்று சலித்துக்கொள்ள வேண்டாம். நாலாவது ஈட்டுக்கு மேல்தான் அது வாய் திறக்கும்.

இசையைத் தேர்ந்தெடுக்கும்போது நிறையப் பேர் கோட்டை விடுவது இங்கேதான். மெல்லத் தொடங்கி விரியும் தேநீருக்கு, மெல்லத் தொடங்கி விரியும் இசைதான் ஒத்துப்போகும். நீண்ட ஆலாபனை, விளம்ப காலத்தில் தொடங்கும் இந்துஸ்தானிக் கயால், தனிச் செல்லோ எல்லாம் சரி. ஜெர்மானிய இசையமைப்பாளர் பாக்கின் 'கோல்ட்பர்க் வேரியேஷன்ஸ்' எனக்கு இன்னும் பிடித்த பொருத்தம். 1741-இல் வெளியான அந்தப் படைப்பில் ஆரியா என்னும் ஒரு மெல்லிசைப் பகுதி, அதைத் தொடர்ந்து 30 மாறுபாடுகள், முடிவில் மறுபடி அதே ஆரியா. ஒரே இலை ஒவ்வொரு ஈட்டிலும் வேறு முகம் காட்டுவதுபோல, ஒரே அடித்தளம் முப்பது முகம் காட்டுகிறது. ஆனால் தயவுசெய்து பட்டியலைக் கலைத்துப் போட்டு ஓடவிடாதீர்கள். இன்னொன்று: மெதுவாகப் போய்க்கொண்டிருந்த இசைக்குழு திடீரென்று முழங்கும் இடம் எது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கொதிநீர் கையில் பட்ட அனுபவத்தில் சொல்கிறேன்.

ஒலி அளவும் நாக்கோடு சம்பந்தப்பட்டதுதான். விமானத்துக்குள் கேட்கும் அளவு இரைச்சல், சுமார் 85 டெசிபெல், காதில் விழும்போது இனிப்பு உணர்வு மங்கி, காளான், தக்காளி போன்றவற்றில் தெரியும் உமாமி சுவை தூக்கலாகிறது என்று கார்னெல் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று 2015-இல் காட்டியது. அங்கே கேட்கவைத்தது இசை இல்லை, வெறும் இரைச்சல். இருந்தாலும் பழைய தேநீரின் சொத்தே விழுங்கிய பிறகு தொண்டையில் திரும்பி எழும் மெல்லிய இனிப்பு என்பதால், நான் ஒலியைப் பேச்சுக் குரல் அளவுக்கு மேல் வைப்பதில்லை.

இந்தத் திரும்பும் இனிப்பைத் தவறவிடுவதுதான் எனக்குப் பெரிய தவறாகப் படுகிறது. தம்புராவின் தந்தியை விட்ட பிறகும் ரீங்காரம் தங்கி நிற்கிறதே, அதுமாதிரி. குடித்த கையோடு அடுத்த வாய் குடித்தால் அது தெரியாது. நாக்கும் காதும் ஒரே நொடியில் உச்சத்துக்குப் போகவேண்டும் என்று எதிர்பார்ப்பதால்தான் இரண்டும் நழுவுகின்றன. முறை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கீர்த்தனை முடிந்து அடுத்தது தொடங்கும் இடைவெளியில், அல்லது சிம்பொனியின் ஒரு பகுதி முடிந்த அமைதியில், ஊற்றி ஒரு வாய் குடியுங்கள். பிறகு கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் கேளுங்கள். இனிப்பு தானாக வந்து சேரும்.

நல்ல மூடு வரட்டும் என்று ஊதுபத்தியோ வாசனை மெழுகுவத்தியோ ஏற்றுவது வேண்டாம். சுவை என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு மூக்கின் வேலை. அலமாரியில் இருக்கும் தேநீரும் அந்த வாசனையை உறிஞ்சிக்கொள்ளும். அப்புறம் எந்த இசை போட்டாலும் சந்தன வாசம்தான்.

வாங்கும்போது ஏமாறுவதும் உண்டு. சாறு கறுப்பாக இருந்தால் பழையது என்று அர்த்தமில்லை. பூ-அரில் ஷெங் என்பது பச்சையாக அழுத்தி வைத்து, பல ஆண்டுகளில் தானாக மாறுவது. ஷோ என்பது இலையைக் குவித்து ஈரப்படுத்தி, சில வாரங்களிலேயே நொதிக்க வைப்பது. 1973 வாக்கில் சீனாவின் யுன்னான் மாநிலத்தில் குன்மிங் தொழிற்சாலையில் உருவான முறை. ஷோவும் அருமையான தேநீர்தான். அதைப் பழைய ஷெங் என்று நினைத்துக் காசு கொடுப்பதுதான் தவறு. வீட்டில் மறந்துபோன கிரீன் டீ பொட்டலத்தையும் 'பழைய தேநீர்' என்று எடுத்து வராதீர்கள். பெரும்பாலும் அது வெளிறி, உயிரற்றுப் போயிருக்கும்.

இரவு நேரமா? பழையதானாலும் காஃபீன் இருக்கிறது. தூக்கம் எளிதில் கெடுபவர்கள் இந்த அமர்வை மாலைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

இசை முடிந்ததும் இலையைக் கொட்டிவிட்டு அடுத்த பாட்டுக்குத் தாவுகிறோம், இல்லையா? கடைசி ஈட்டை ஐந்தாறு நிமிடம் ஊறவிட்டு, எதையும் ஓடவிடாமல் குடித்துப் பாருங்கள். சாறு வெளிறித்தான் இருக்கும், ஆனால் பெரும்பாலும் இனிப்பாக இருக்கும்.