ஆல்ஃபா மைனஸில் வந்தபோது

எம்.எஸ்சி. உளவியல் படிக்கும் தம்பி ஒருவன் ஆய்வுத் தரவை அனுப்பியிருந்தான். ரோசன்பெர்க் தன்மதிப்பு அளவுகோல்: 10 கூற்றுகள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 4 வரை மதிப்பெண். எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளில் போட்டால் கிரான்பாக் ஆல்ஃபா (கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்; 1-ஐ நெருங்க வேண்டியது) மைனஸ்! "சாம்பிள் சரியில்லையாண்ணா?" என்றான். சாம்பிள் மேல் பழி போடுவதற்கு முன் எந்தக் கூற்று எதனோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது என்று காட்டும் ஒட்டுறவு அட்டவணையைப் பார்க்க வேண்டும்.

2, 5, 6, 8, 9-ஆம் கூற்றுகள் தங்களுக்குள் ஒத்துப்போயின. மற்ற ஐந்தோடு முட்டிக்கொண்டன. எல்லாம் 'நான் எதற்கும் லாயக்கில்லை' வகைக் கூற்றுகள். திருப்பி மதிப்பெண் (1-ஐ 4 ஆக, 4-ஐ 1 ஆக) போட வேண்டியவை. (சில வடிவங்களில் வரிசை மாறும், எண்ணை நம்பாமல் வாசகத்தைப் படியுங்கள்.)

5-இலிருந்து பழைய மதிப்பெண்ணைக் கழித்துப் புதிய பத்தியில் போட்டேன். பழையதை அழிக்கவில்லை. அதற்கு முன் இன்னொரு வேலை: விடையில்லாத இடங்களில் 9 இருந்தது. அதை விடுபட்ட மதிப்பு என்று மென்பொருளுக்குச் சொல்லாவிட்டால் 5 கழித்தல் 9, மைனஸ் 4 என்று சத்தமில்லாமல் கணக்கில் ஏறிவிடும்.

அப்புறம் ஆல்ஃபா 0.78. எட்டாவது கூற்று மட்டும் மற்றவற்றோடு சரியாக ஒட்டாமல் இன்னும் நொண்டியது. பல நாட்டு ஆய்வுகளிலும் அது அப்படித்தான். நீக்காமல், ஆய்வின் வரம்புகளில் எழுதச் சொன்னேன்.