நான்கா, ஐந்தா: ஒரு புள்ளியின் தகராறு

கிருஷ்ணகிரி பழையபேட்டையில் உள்ள என் வீட்டு மடிக்கணினியில், லினக்ஸ் இயங்குதளத்தின் மீது, சிறு குழு ஒன்று பழைய பாணியில் அமைத்த பிளாட்ஃபார்மர் (ஓடித் தாவி ஆடும்) விளையாட்டு ஒன்றை மதிப்புரைக்காக ஆடிக்கொண்டிருந்தேன். நாயகன் ஓடும்போது அவனுடைய கண், ஒரே ஒரு கரும்புள்ளி, தடித்தும் மெலிந்தும் நடுங்கியது. ஓவியம் மோசம் என்று குறிப்பேட்டில் எழுதியும் விட்டேன். அருகில் இருந்த தங்கை மகன்தான், "மாமா, போன்ல இதோட வீடியோ பார்த்தேன், அதுல இப்படி ஆடலையே" என்றான்.

அதன் பிறகே கணக்குப் போட்டுப் பார்த்தேன். விளையாட்டு தன் படத்தை வரையும் உள் அளவு 320×180 புள்ளிகள். என் திரையோ 1366×768. வகுத்தால் ஏறக்குறைய 4.27 வருகிறது. திரையில் கால் புள்ளி என்று ஒன்று கிடையாது என்பதால், ஓரிடத்தில் நான்கு புள்ளி அகலத்தில் விழும் கண், அடுத்த அடியில் ஐந்தாக விழுகிறது. குற்றம் ஓவியரிடம் இல்லை.

விளையாட்டின் அமைப்புகளில் இதைச் சரிசெய்ய வழியில்லாததால், விளையாட்டின் படத்தை வேண்டிய அளவில் திரையில் காட்டும் கேம்ஸ்கோப் என்ற லினக்ஸ் மென்பொருளை நிறுவினேன். விளையாட்டுகளை வாங்கி இயக்கும் ஸ்டீம் செயலியில், இந்த விளையாட்டின் தொடக்கக் கட்டளையில் அதைச் சேர்த்து, விளையாட்டுக்கு 1280×720, திரைக்கு 1366×768 எனக் கொடுத்து, அளவிடும் முறையை 'இன்டிஜர்' (முழு எண் மடங்கு) என்று வைத்தேன். 1280 என்பது 320இன் சரியான நான்கு மடங்கு. (வல்கன் என்ற வரைகலை முறைக்கான இயக்கி இல்லாத மிகப் பழைய கணினியில் இது ஓடாது.) இரு பக்கமும் 43 புள்ளிகளும், மேலும் கீழும் 24 புள்ளிகளும் கருப்பாக நின்றன; எனக்கு அது உறுத்தவில்லை, மருமகனுக்குத்தான் படம் சின்னதாகிவிட்டது என்று குறை. கண் ஒரே அளவில் ஓடியது. குறிப்பேட்டில் அந்த வரியை அடித்துவிட்டேன்.