ஏழு கப் பர்பி: முதல் தடவை செய்பவர்களுக்கு

மைசூர்பாகு செய்ய ஆசை இருக்கிறது, ஆனால் ஒரு கையால் காய்ந்த நெய்யை ஊற்றிக்கொண்டே மறு கையால் கிளறுவதை நினைத்தாலே உதறுகிறது என்பவர்கள் முதலில் ஏழு கப்பில் கை வைக்கலாம். கடலை மாவு, தேங்காய், பால், நெய் தலா ஒரு கப், சர்க்கரை மூன்று கப், ஆக மொத்தம் ஏழு. பாகு தனியாகக் காய்ச்ச வேண்டாம், கம்பிப் பதம் பார்க்க வேண்டாம், எல்லாவற்றையும் ஒரே வாணலியில் கொட்டிக் கிளற வேண்டியதுதான். இறக்குகிற நேரம் ஒன்றுதான் கொஞ்சம் தகராறு. அதைப் பற்றி நிறையவும் மற்றதைப் பற்றிக் குறைவாகவும் எழுதியிருக்கிறேன்.

கப் என்றால் வீட்டில் இருக்கிற எந்த டம்ளராகவும் இருக்கலாம், எல்லாப் பொருளையும் அதே டம்ளரில் அளக்க வேண்டும், அவ்வளவுதான். 200 மில்லி டம்ளரில் அளந்தால் கிட்டத்தட்ட முக்கால் கிலோ வரும். முதல் தடவைக்கு அதுவே அதிகம் என்று தோன்றினால் சின்ன காப்பி டம்ளர் எடுத்துக்கொள்ளுங்கள்.

சர்க்கரை மூன்று கப் என்பது பழைய கணக்கு. எங்கள் வீட்டில் இரண்டரைக்கு மேல் போடுவதில்லை, அதுவே நல்ல இனிப்புதான். ஆனால் உடம்புக்கு நல்லது என்று ஒன்றரைக் கப்புக்கு இறக்கிவிடாதீர்கள். பர்பியைக் கட்டிப்பிடித்து நிறுத்துவதே சர்க்கரைதான், இரண்டு கப்புக்குக் கீழே போனால் அது துண்டு போட வராது, ஸ்பூனில் எடுத்துச் சாப்பிடுகிற பண்டமாக நின்றுவிடும்.

செலவு என்று பார்த்தால் நெய்தான். மாவு, சர்க்கரை, பால், அரை மூடித் தேங்காய் எல்லாம் சேர்த்தாலும் அந்த ஒரு டம்ளர் நெய்யின் விலையைத் தொடுவது கஷ்டம். அதனால் நான் அரைக் கப் நெய், அரைக் கப் சூரியகாந்தி எண்ணெய் என்று பிரித்துக்கொள்கிறேன். எண்ணெயை முதலிலேயே சேர்த்துவிட்டு, நெய்யில் இரண்டு ஸ்பூனை மட்டும் கடைசிக்கு எடுத்து வைத்தால் வாசனை முழு நெய்யில் செய்தது போலவே இருக்கும், சாப்பிடுகிறவர்கள் யாரும் கண்டுபிடிக்கப் போவதில்லை. செக்கு எண்ணெய் எதுவும் வேண்டாம், அதன் வாசனை மற்ற எல்லாவற்றையும் அமுக்கிவிடும். டால்டாவும் வேண்டாம், ஆறினதும் மேலண்ணத்தில் மெழுகாக ஒட்டும். வாரக் கணக்கில் பாலாடை சேர்த்து வெண்ணெய் எடுத்து நெய் காய்ச்சுகிற வீடு என்றால் இந்தக் கணக்கெல்லாம் தேவையே இல்லை, முழுக்க நெய்யே ஊற்றுங்கள். பால் எதுவானாலும் பரவாயில்லை, ஆவின் நீலப் பாக்கெட்டே போதும்.

பாத்திரம்

அடிகனமான, வாயகன்ற வாணலி வேண்டும். பழைய அலுமினிய வாணலி கனமாக இருந்தால் அதுதான் என் முதல் தேர்வு, சூடு சீராகப் பரவும், ஓரத்தில் நடக்கிற மாற்றம் நன்றாகத் தெரியும். கறுப்பு நான்ஸ்டிக்கிலும் வரும், ஒட்டாது, ஆனால் கலவை வாணலியை விட்டு விலகுவதுதான் ஒரு முக்கிய அடையாளம், நான்ஸ்டிக்கில் அது ஆரம்பத்திலிருந்தே விலகி விலகி நம்மை ஏமாற்றும். மெல்லிய எவர்சில்வர் வாணலி கூடவே கூடாது, அடிப்பிடிக்கும். கரண்டி நீளக் காம்புள்ள மரக்கரண்டி. நடுவில் சர்க்கரைக் கலவை தெறிக்கும், கையில் பட்டால் வெந்நீர் மாதிரி வழிந்து போகாமல் ஒட்டிக்கொண்டு சுடும், அதனால் காம்பின் நீளத்தில் சமாதானம் செய்துகொள்ள வேண்டாம். குழந்தைகளை அந்த நேரத்தில் அடுப்பங்கரைக்கு வெளியே வைத்துவிட்டு, கோடு போடுகிற நேரத்தில் கூப்பிடுங்கள்.

விளிம்பு உயர்ந்த ஒரு தட்டிலோ சதுர கேக் ட்ரேயிலோ நெய் தடவி அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துவிடுங்கள். இதை அடுப்பு பற்றவைப்பதற்கு முன்பே செய்ய வேண்டும். கலவை பதத்துக்கு வந்த பிறகு தட்டைத் தேடினால் அந்த அரை நிமிடத்திலேயே அது வாணலியில் இறுகிவிடும்.

செய்கிற விதம்

கடலை மாவைச் சலித்து, ஒரு ஸ்பூன் நெய் விட்டு, சின்னத் தீயில் பச்சை வாசனை போகும்வரை வறுங்கள். ஐந்து நிமிடம் ஆகும். நிறம் மாறக் கூடாது, வாசனைதான் மாற வேண்டும். வறுத்ததை ஒரு பாத்திரத்தில் மாற்றி ஆறவிட்டு, காய்ச்சி ஆறின பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கட்டியில்லாமல் கரையுங்கள். சூடான மாவில் சூடான பாலை ஊற்றினால் கட்டி தட்டும், அப்புறம் என்ன கிளறினாலும் கரையாது, சாப்பிடும்போது பல்லில் மாவுருண்டை சிக்கும்.

தேங்காயில் வெள்ளைப் பகுதியை மட்டும் துருவி, மிக்ஸியில் தண்ணீர் விடாமல் இரண்டு சுற்று. பழுப்புத் தோல் சேர்ந்தால் ருசிக்கு ஒன்றும் ஆகாது, பார்க்கத்தான் அழுக்காக இருக்கும்.

இப்போது கரைத்த மாவு, தேங்காய், சர்க்கரை, எண்ணெய், எடுத்து வைத்த இரண்டு ஸ்பூன் போக மீதி நெய், எல்லாவற்றையும் வாணலியில் சேர்த்து நடுத்தரத் தீயில் வைத்துக் கிளற ஆரம்பியுங்கள். சர்க்கரை கரைந்ததும் கலவை முன்னைவிடத் தண்ணீராகும், அது சரிதான், பயந்து மாவைச் சேர்க்க வேண்டாம். பத்து நிமிடத்தில் கெட்டியாக ஆரம்பித்துக் குமிழியிட்டுத் தெறிக்கும். தீயைக் குறைத்து, அடியைச் சுரண்டுகிற மாதிரி கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். ஏலக்காய்ப் பொடியை இந்தச் சமயத்தில் போடலாம், நான் போடுவதில்லை, கடலை மாவும் நெய்யும் சேர்ந்து வருகிற வாசனையே எனக்குப் போதும்.

இறக்குகிற நேரம்

எனக்கு ரொம்ப நாள் பிடிபடாமல் இருந்தது இதுதான். எந்தக் குறிப்பைப் பார்த்தாலும் "சுருண்டு வரும்போது இறக்கவும்" என்று இருக்கும். சுருண்டு வருவது ஒரே நேரத்தில் நடக்கிற விஷயமா என்ன? முதலில் கலவை வாணலியின் அடியை விட்டு விலகும். பலர் இங்கேயே இறக்கிவிடுவார்கள், அப்போது வருவது அல்வா, மறுநாள் காலையிலும் விரலில் ஒட்டும். இன்னும் சில நிமிடம் பொறுக்க வேண்டும்.

அதற்கப்புறம் மூன்று விஷயங்கள் ஏறக்குறைய ஒன்றாக நடக்கும். கரண்டியைச் சுற்றினால் மொத்தக் கலவையும் ஒரே உருண்டையாகக் கூடவே சுற்றும். அதுவரை பளபளவென்று இருந்தது நுரைத்து, பொரபொரவென்று கொஞ்சம் வெளுக்கும். வாணலியின் ஓரத்தில், கலவை பட்டு வழிந்த இடமெல்லாம் காய்ந்து, உவர் பூத்த சுவர் மாதிரி வெள்ளையாகப் பூத்திருக்கும். இந்தக் கடைசி அடையாளத்தைத்தான் நான் நம்புகிறேன். வெள்ளையாகத் தெரிவது மறுபடி படிகமாக ஆரம்பித்திருக்கிற சர்க்கரை, ஓரத்தில் ஆரம்பித்துவிட்டால் நடுவிலும் இன்னும் கொஞ்ச நேரத்தில் நடக்கும். அதாவது கலவை தானாகவே இறுகத் தயாராகிவிட்டது.

ஓரம் பூத்ததும் எடுத்து வைத்த நெய்யை விட்டு, நாலு கிளறு கிளறி, தட்டில் கொட்டிவிடுங்கள். சந்தேகமாக இருந்தால் ஒரு துளியைத் தட்டில் விட்டு, கொஞ்சம் ஆறினதும் விரலால் உருட்டிப் பாருங்கள், ஒட்டாமல் உருண்டால் சரி. உருட்டிப் பார்க்கிற நேரத்தில் அடுப்பை அணைத்து வைக்க மறக்காதீர்கள். 200 மில்லி டம்ளர் கணக்குக்கு மொத்தம் இருபதிலிருந்து இருபத்தைந்து நிமிடம் ஆகும் என்றாலும், கடிகாரத்தைப் பார்த்து இறக்காதீர்கள், தேங்காயில் இருக்கிற ஈரத்தையும் வாணலியின் அகலத்தையும் பொறுத்து மாறும். சர்க்கரைக்கென்று விற்கிற தெர்மாமீட்டர் வாங்கலாமா என்றால், வேண்டாம் என்பேன். இவ்வளவு கெட்டியான, ஆழமில்லாத கலவையில் அதன் முனை சரியாக மூழ்காது, காட்டுகிற எண்ணை நம்பவும் முடியாது.

தட்டில் கொட்டியதும் நெய் தடவிய கிண்ணத்தின் அடியால் லேசாகச் சமன் செய்யுங்கள், அழுத்த வேண்டாம், அழுத்தினால் அந்தப் பொரபொரப்பு போய்விடும். ஐந்தாறு நிமிடத்தில், சூடு இருக்கும்போதே கத்தியால் கோடு போட்டு, முழுக்க ஆறினதும் எடுங்கள். மேலே கொஞ்சம் நெய் மிதந்தால் கவலை வேண்டாம், ஆற ஆற உள்ளே இழுத்துக்கொள்ளும்.

இறுகவில்லை என்றால் எதையும் கொட்ட வேண்டாம். திரும்ப வாணலியில் போட்டு, இரண்டு ஸ்பூன் பால் தெளித்து, ஓரம் பூக்கும்வரை கிளறுங்கள். உதிர்ந்து பொடியாகிவிட்டால் மருந்து அதேதான், பால் மட்டும் கால் கப் ஊற்றி, சின்னத் தீயில் எல்லாம் இளகிச் சேர்ந்த பிறகு மறுபடி பதம் பாருங்கள். நிறம் கொஞ்சம் கூடும், ருசி குறையாது.

பிறகு சேர்த்தது

படித்துவிட்டுச் செய்து பார்த்தவர்கள் கேட்டதிலிருந்து சில. பாக்கெட்டில் வருகிற உலர் தேங்காய்த் துருவல் போட்டால் வறண்டு போகிறது என்றார்கள். அதை அளந்த பாலிலேயே அரை மணி நேரம் ஊறவைத்து, கூடுதலாகக் கால் கப் பால் சேருங்கள். இண்டக்‌ஷன் அடுப்பில் நடுவில் மட்டும் சூடேறி அடிப்பிடிக்கிறது என்றால் சக்தியைக் குறைத்து வைத்து நேரத்தைக் கூட்டுவதைத் தவிர வழியில்லை. தீபாவளிக்காக இரண்டு மடங்கு செய்யலாமா என்று கேட்டவர்களுக்கு, ஒரே வாணலியில் வேண்டாம், கை ஓய்ந்துவிடும், ஓரம் பூக்கும்போது நடு இன்னும் அல்வாவாகவே இருக்கும். இரண்டு தடவையாகச் செய்யுங்கள். வெல்லம் போட்டுச் செய்ய முடியுமா என்பதற்கு என் பதில் இல்லை என்பதுதான், வெல்லம் பட்டால் பால் திரிய வாய்ப்பு உண்டு, இந்த வெள்ளைப் பூப்பும் அதில் தெரியாது.

பிள்ளைகள் யூடியூபில் ஃபட்ஜ் பார்த்துவிட்டு அதுதான் வேண்டும் என்கிறார்கள், கண்டென்ஸ்டு மில்க்கும் சாக்லேட்டும் வாங்கினால் கட்டுப்படியாகவில்லை என்று இன்னொருவர். கடலை மாவில் இரண்டு மேசைக்கரண்டியை எடுத்துவிட்டு அந்த அளவுக்கு இனிப்பில்லாத கோகோ பொடியைச் சலித்துச் சேருங்கள், பாலில் கரைக்கும்போதே. சாக்லேட் நிறமும் ருசியும் வந்துவிடும். ஃபட்ஜும் பால், சர்க்கரை, வெண்ணெய் காய்ச்சுகிற வேலைதானே. 1888-ல் அமெரிக்காவின் வாசர் கல்லூரியில் எமிலின் ஹார்ட்ரிட்ஜ் என்ற மாணவி 30 பவுண்டு செய்து கல்லூரி ஏலத்துக்குக் கொடுத்த காலத்திலிருந்தே அப்படித்தான். அவர்கள் ஏறக்குறைய 115 டிகிரிக்குக் காய்ச்சி இறக்கி, அசைக்காமல் ஆறவிட்டு, அப்புறம் அடித்துக் கலக்குவார்கள், சூட்டோடு கலக்கினால் சர்க்கரை பெரிய படிகமாகி நறநறக்கும் என்பதற்காக. நம்முடையதில் மாவும் தேங்காயும் நடுவில் புகுந்துகொண்டு படிகத்தைப் பெரிதாக வளரவிடுவதில்லை, அதனால் அந்தக் காத்திருப்பு கிடையாது. கோகோ சேர்த்தால் ஒரு சிக்கல் மட்டும்: கலவை வெளுப்பது கண்ணுக்குத் தெரியாது. ஓரத்தையும் உருட்டிப் பார்ப்பதையும் வைத்துத்தான் இறக்க வேண்டும்.

தேங்காய் இருப்பதால் வெளியில் நாலைந்து நாள்தான் தாங்கும், வெயில் காலத்தில் அதற்கும் குறைவு. ஃப்ரிட்ஜில் இரண்டு வாரம் இருக்கும். எடுத்தவுடன் கல்லாக இருந்தால் நெய் உறைந்திருக்கிறது என்று அர்த்தம், அரை மணி நேரம் வெளியே வைத்தால் சரியாகிவிடும். ஈரக் கையோடு டப்பாவில் கை விடுகிறவர்கள் வீட்டில் இருந்தால் இரண்டு டப்பாவாகப் பிரித்து, ஒன்றை உள்ளே தள்ளி வையுங்கள்.