கோதுமை ஆகாதவர் பந்தியில் உட்காரும்போது செய்யக்கூடாத தவறுகள்

“கோதுமை ஒரு துளிகூட இல்லை கண்ணு, நானே பிசைந்தேன்” என்றார் வடை சுட்டுக்கொண்டிருந்த பெரியம்மா. நம்பி இரண்டு வடை தின்றேன். மறுநாள் முழுவதும் படுக்கைக்கும் கழிவறைக்கும் நடுவே கழிந்தது. பிறகு விசாரித்தபோதுதான் தெரிந்தது: பருப்பு உதிராமல் இருக்க ஒரு கைப்பிடி ‘கேக் மாவு’ சேர்த்திருக்கிறார். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குக் கோதுமை என்றால் பழுப்பு நிறத்து ஆட்டா. வெள்ளை வெளேரென்று பொட்டலத்தில் வரும் கேக் மாவு வேறு சாதி. இரண்டும் ஒரே தானியம் என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. நானும் கேட்க வேண்டிய விதத்தில் கேட்கவில்லை.

எனக்கு இருப்பது சீலியாக் நோய். கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், உடலின் நோய் எதிர்ப்புப் படை தன் சொந்தச் சிறுகுடலையே தாக்கும். சத்தை உறிஞ்ச விரல் விரலாக நிற்கும் குடலுறிஞ்சிகள் தேய்ந்து மட்டமாகிவிடும். உலகில் ஏறத்தாழ 100 பேரில் ஒருவருக்கு இது உண்டு. அவர்களில் பலர் தங்களுக்கு இருப்பதை அறியாமலே இருக்கிறார்கள். குணப்படுத்த மாத்திரை கிடையாது. அந்தத் தானியங்களை வாழ்நாள் முழுவதும் விட்டுவிடுவது மட்டுமே சிகிச்சை.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், நம்மவர்கள் நிறைந்த சாட்ஸ்வொர்த்தில் வாழ்கிற ஒருத்திக்கு இது லேசான காரியம் இல்லை. கல்யாணம், காவடி, கூழ் ஊற்றுதல், பதினாறாம் நாள், புது வீடு, ஞாயிற்றுக்கிழமை பிராய் (தணலில் இறைச்சி சுட்டுத் தின்னும் கூடல்) என்று ஏதாவது ஒன்று வந்துகொண்டே இருக்கும். 1860 நவம்பரில் ‘ட்ரூரோ’ கப்பலில் டர்பனுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்திறங்கியவர்களின் வழிவந்தவர்களிடையே பல வீடுகளில் மொழி தேய்ந்துவிட்டது. வந்தவரை வயிறு நிறைய உண்ணவைத்துத்தான் அனுப்ப வேண்டும் என்ற பிடிவாதம் மட்டும் தேயவே இல்லை. அந்தப் பிடிவாதத்தின் முன்னால் நான் பல வருடம் செய்த தவறுகளைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கோதுமை என்ற பெயரில் தேடுவது

“கோதுமை இருக்கிறதா?” என்று கேட்டால் “இல்லை” என்ற பதில்தான் வரும். சமையலறையில் அந்தப் பெயரில் ஒரு பொருளும் இல்லை. கேக் மாவு இருக்கிறது, மைதா இருக்கிறது, சூஜி என்கிற ரவை இருக்கிறது, சேமியா இருக்கிறது. எல்லாம் கோதுமைதான், வேறு வேறு வேஷம். “மாவு போட்டீர்களா?” என்பது இன்னும் மோசமான கேள்வி. அரிசி மாவும் மாவு, கடலை மாவும் மாவு. ஆகவே பொருளின் பெயரைச் சொல்லி ஒவ்வொன்றாகக் கேளுங்கள். “கேக் மாவு சேர்த்தீர்களா? பாயசம் ஜவ்வரிசியா, சேமியாவா? சில்லி பைட்ஸ், அதுதான் நம் பஜ்ஜி, வெறும் கடலை மாவா, மொறுமொறுப்புக்கு வேறு ஏதாவது கலந்ததா?” சேப்பங்கிழங்கு இலையில் மாவு தடவிச் சுருட்டும் பாத்தாவிலும் இதே கேள்வி.

பெருங்காயத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கடையில் விற்கும் தூள் பெருங்காயம் பெரும்பாலும் கலப்புப் பெருங்காயம். காரமான பிசினைத் தணிக்க மாவு சேர்க்கிறார்கள், பல தயாரிப்புகளில் அது கோதுமை மாவு. சாம்பார், ரசம், ஊறுகாய் என்று ‘சோறுதானே, பயமில்லை’ என்று நாம் நம்பி உட்காரும் இலையில் அது சத்தமில்லாமல் வந்து விழுகிறது. அரிசி மாவு கலந்ததும் கிடைக்கிறது. நெருங்கிய வீடுகளுக்கு நான் ஒரு டப்பா வாங்கிக் கொடுத்துவிடுவேன். புடவை எடுத்துக் கொடுப்பதைவிடச் செலவு குறைவு.

வீட்டுக்காரர்களும் ஒரு தவறு செய்கிறார்கள். மசாலாவைப் பாட்டிலில் கொட்டியதும் உறையைத் தூக்கி எறிந்துவிடுகிறார்கள். தென்னாப்பிரிக்காவில் 2010இல் வெளியான லேபிள் விதிகளின்படி, கோதுமை, பார்லி, பால், முட்டை, வேர்க்கடலை, சோயா போன்றவை சேர்ந்திருந்தால் பொட்டலத்தின் மேல் சொல்லியாக வேண்டும். அந்த உறையைக் காட்டினால் ஒரு நிமிடத்தில் முடிகிற விஷயம், அது குப்பைக்குப் போனபின் அரை மணி நேரத் தர்க்கமாகிவிடுகிறது.

அழைத்தவரிடம் சொல்லிவிட்டு ஓய்ந்துபோவது

நான் அதிகம் அடிபட்டது இதில்தான். கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பே மணப்பெண்ணின் அம்மாவிடம் சொல்லிவிடுவேன். அவரும் “கவலைப்படாதே, பார்த்துக்கொள்கிறேன்” என்பார். கல்யாண நாளில் அவர் தலைக்கு மேல் ஆயிரம் வேலை, என் குடல் அவருக்கு நினைவிருக்குமா? கேட்டவர் ஒருவர், கரண்டி பிடிப்பவர் வேறொருவர். சொல்ல வேண்டியது கரண்டி பிடிப்பவரிடம்.

நம் ஊரில் அதற்கு ஒரு நல்ல வழி இருக்கிறது. முதல் நாள் இரவு காய் நறுக்கப் பெண்கள் கூடுவார்கள் அல்லவா, அங்கே போய்விடுங்கள். கத்தியும் பலகையும் எடுத்துக்கொண்டு பூசணிக்காய் நறுக்க உட்கார்ந்தால், எந்தப் பாத்திரத்தில் என்ன போகிறது, எந்தப் பையில் என்ன மாவு இருக்கிறது, எல்லாம் கண்ணில் படும். யார் சாம்பாருக்குப் பொறுப்பு, யார் பூரிக்குப் பொறுப்பு என்பதும் தெரிந்துவிடும். விருந்தாளியாகக் கேட்டால் குற்றம் கண்டுபிடிப்பதுபோல் தோன்றும் கேள்வி, கூட உட்கார்ந்து வெங்காயம் உரிக்கிறவள் வாயிலிருந்து வந்தால் பேச்சாகிவிடும். தாளிப்பதற்கு முன் ஒரு சிறு சட்டியில் எனக்கென்று பருப்பு எடுத்து வைத்தவர்கள் எல்லாரும் அந்த இரவுகளில் பழக்கமானவர்கள்தான்.

எண்ணெயை மறக்காதீர்கள். பூரியும் சமூசாவும் பொரித்த எண்ணெயில் பொரித்த அப்பளமும் உருளைக்கிழங்கும் எனக்கு ஆகாது. ‘எண்ணெய் அவ்வளவு கொதிக்கிறதே, எல்லாம் எரிந்துபோகாதா?’ என்பார்கள். கிருமி சாகும், குளூட்டன் சாகாது. அது உயிரினம் இல்லையே, கொல்வதற்கு.

பிறகு இலை. பரிமாறுகிற பையன் வேகமாக வந்து பூரியைச் சோற்றின் மேல் போட்டுவிட்டுப் போய்விடுவான். அதை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு மீதியைச் சாப்பிடுவது பெரிய தவறு. ஒரு ரொட்டித் துண்டில் இரண்டு கிராமுக்குக் குறையாமல் குளூட்டன் இருக்கும். தினமும் வெறும் 50 மில்லிகிராம் உள்ளே போனாலே சில மாதங்களில் குடல் சேதப்படும் என்று ஆய்வில் கண்டிருக்கிறார்கள். பூரி உதிர்த்துவிட்டுப் போகும் பொடியை யார் நிறுத்துப் பார்ப்பது? அதனால் அவன் வருவதற்கு முன்பே இலையின் மேல் கையைக் குடையாகப் பிடித்துக்கொள்கிறேன். ‘பந்திக்கு முந்து’ என்பதை நான் சொல்லுக்குச் சொல் கடைப்பிடிக்கிறவள். முதல் பந்தியில், வரிசையின் முதல் இலையில் உட்கார்ந்தால் கரண்டிகள் இன்னும் ஊர் சுற்றியிருக்காது. பேராசைக்காரி என்று பெயர் வந்தது. வரட்டும்.

தவறான பெயரில் விளக்குவது

சுருக்கமாக முடித்துவிடலாம் என்று “எனக்கு அலர்ஜி” என்று சொல்லிவந்தேன். வேர்க்கடலை ஒவ்வாமை உள்ளவருக்குச் சில நிமிடங்களிலேயே உதடு வீங்கலாம், மூச்சு திணறலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். எனக்கு அப்படி ஆவதில்லை. தெரியாமல் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் பந்தியில் சிரித்துப் பேசிக்கொண்டிருப்பேன். அவஸ்தை வீட்டுக்குப் போன பிறகுதான் தொடங்கும். பார்த்தவர்கள் என்ன நினைப்பார்கள்? ‘அன்றைக்கு ஒன்றும் ஆகவில்லையே, எல்லாம் பாசாங்கு.’ அடுத்த முறை சொன்னால் மதிப்பில்லை.

‘விரதம்’ என்றும் சொல்லிப் பார்த்தேன். புரட்டாசியில் இறைச்சி தொடாதவரை இங்கே யாரும் வற்புறுத்த மாட்டார்கள், அந்த மரியாதை எனக்கும் கிடைக்கும் என்று ஆசை. கிடைத்தது என்ன தெரியுமா? விரதக்காரிக்கென்று தனியாக ஒரு தட்டில் பூரியும் சூஜியும்.

சர்க்கரை நோயோடு ஒப்பிடுவது நம்மவர்களுக்குச் சட்டென்று புரியும், வீட்டுக்கு ஒருவராவது இருக்கிறார்களே. ஆனால் அதிலும் ஒரு பள்ளம் உண்டு. “நானும் சர்க்கரைக்காரன்தான், இன்று ஒரு நாள் தின்றுவிட்டு ஒரு மாத்திரை கூடப் போட்டுக்கொள்வேன், நீயும் அப்படிச் செய்” என்பார் மாமா. அவர் அப்படிச் செய்வதே சரியில்லை என்பது வேறு கதை. பால் செரிக்காதவருக்கு அளவு என்ற ஒன்று உண்டு. பாலில் உள்ள சர்க்கரையான லாக்டோஸ் ஒத்துக்கொள்ளாத பலர் ஒரு கோப்பைப் பாலை, அதாவது சுமார் 12 கிராம் லாக்டோஸை, தாங்கிக்கொள்வார்கள். அதைச் செரிக்கவைக்க லாக்டேஸ் மாத்திரையும் இருக்கிறது. எனக்கு அந்த இரண்டும் கிடையாது. இப்போது நான் சொல்வது ஒரே வாக்கியம்: “கோதுமை என் குடலை அரிக்கும், மருந்து இல்லை.” கேட்பவர் முகம் சற்று மாறும். அதற்குமேல் விளக்கம் கேட்டால் மட்டும் சொல்வேன்.

கேட்டால் நான் சொல்லும் கதை ஒன்று உண்டு, பெரியவர்களுக்கு அது பிடிக்கும். நெதர்லாந்தில் வில்லெம் டிக்கெ என்று ஒரு குழந்தை மருத்துவர். வயிறு உப்பி, உடல் வற்றிக் கிடந்த பிள்ளைகளுக்கு ரொட்டிதான் எதிரியோ என்று அவருக்கு இரண்டாம் உலகப் போருக்கு முன்பே சந்தேகம். 1944-45 குளிர்காலத்தில் அந்த நாட்டில் பஞ்சம் வந்தது, ரொட்டி கிடைக்கவில்லை. ஊரே பட்டினியில் வாட, இந்தப் பிள்ளைகள் மட்டும் தேறினார்கள். ரொட்டி திரும்பி வந்ததும் மறுபடி படுத்தார்கள். 1950இல் அவர் அதை ஆராய்ச்சி ஏடாகவே எழுதினார். கதையைக் கேட்ட பெரியப்பா, கையில் பிட்டுவைத்திருந்த பூரியை என் பக்கம் நீட்டாமல் தன் வாயில் போட்டுக்கொண்டார்.

பிராயும் பிரசாதமும்

பிராயில் ‘வெறும் இறைச்சிதானே’ என்று அசந்துவிடக்கூடாது. சுருள் சுருளாகச் சுடும் தொத்திறைச்சியை (சாசேஜ்) பூரெவோர்ஸ் என்ற பெயரில் விற்க 90 சதவீதம் இறைச்சி இருக்க வேண்டும் என்பது சட்டம். மீதியில் தானியப் பொருள் சேர்க்க அதே சட்டம் அனுமதிக்கிறது. ஊறவைக்கும் சோயா சாஸில் கோதுமை, மேலே தெளிக்கும் பியரில் பார்லி. அதே கம்பி வலையில் ரொட்டியும் சுடுவார்கள். நான் அலுமினியத் தாளும், உப்பும் மிளகாய்த்தூளும் தடவிய என் கோழித் துண்டுகளும் கொண்டுபோவேன். யாருக்கும் கோபம் வந்ததில்லை.

பிரசாதம் அப்படியில்லை. தட்டில் சூஜியோடு அர்ச்சகர் நிற்கும்போது ‘வேண்டாம்’ என்று சொல்ல எனக்கு வாய் வராது. பல வருடம் அங்கேதான் தோற்றேன். ‘சாமி பிரசாதம் ஒன்றும் செய்யாது’ என்று அருகில் நிற்பவர்கள் சொல்வதையும் நம்பினேன். சாமிமேல் குறையில்லை, ரவைமேல்தான். இப்போது சின்ன இலைத்துண்டில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பக்கத்தில் நிற்கும் குழந்தையிடம் கொடுத்துவிட்டுக் கை கழுவிவிடுகிறேன். வாங்காமல் போனால்தான் மனம் புண்படும். வாங்கியபின் யார் வாயில் போனது என்று அம்மனும் கேட்டதில்லை, அர்ச்சகரும் கேட்டதில்லை. கூழ் ஊற்றும் நாளில் மட்டும் எனக்கு ராஜயோகம். இங்கே அதைக் காய்ச்சுவது மக்காச்சோள மாவில். பானையில் வேறெதுவும் சேரவில்லை என்று கேட்டுக்கொண்டு, வெங்காயம் கடித்து மூன்று குவளை குடிப்பேன்.

இன்னும் இரண்டு. முதலாவது, ‘எனக்கும் அப்படித்தான் இருக்கிறது’ என்று இதைப் படித்த கையோடு ரொட்டியை நிறுத்திவிடாதீர்கள். கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ரத்தம் எடுத்தால்தான் சோதனையில் சரியாகத் தெரியும். நிறுத்திவிட்டுப் போனால் ‘ஒன்றும் இல்லை’ என்று வரக்கூடும். வீட்டில் ஒருவருக்கு இருந்தால் உடன்பிறந்தவர்களும் பிள்ளைகளும் சோதித்துக்கொள்ள வேண்டும். அவர்களில் பத்தில் ஒருவர் அளவுக்கு இருக்க வாய்ப்புண்டு.

இரண்டாவது, பசியோடு போகாதீர்கள். பசித்த வயிறு கேள்வி கேட்காது. கையில் டப்பா எடுத்துப் போனால் அதை ஒளிந்து தின்னாதீர்கள். ஒரு கல்யாணத்தில் மண்டபத்து வாகன நிறுத்தத்தில், காருக்குள் குனிந்து தயிர்சாதம் தின்றுகொண்டிருந்தேன். கண்ணாடியைத் தட்டியது மாப்பிள்ளையின் சித்தப்பா. வீட்டில் ஏதோ சண்டை, கோபித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன் என்று நினைத்து, சமாதானம் பேச இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அன்றிலிருந்து பந்தியில் எல்லாரோடும் உட்கார்ந்து, இலையை விரித்து, அதன் மேலேயே என் டப்பாவைத் திறக்கிறேன்.

வடை சுட்ட பெரியம்மாவைப் பற்றிச் சொன்னேனே. அவர் இப்போது எனக்கென்று ஒரு சிறிய வாணலி வைத்திருக்கிறார், பிடியில் சிவப்பு நூல் கட்டி. போன வாரம் கடையிலிருந்து தொலைபேசியில் கூப்பிட்டார். புது மசாலாப் பொட்டலம் ஒன்றின் பொடி எழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்து ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் நின்றார்.

“பார்லி என்று போட்டிருக்கிறான் கண்ணு. அது நம் ஆளா, எதிர்க்கட்சியா?”

“எதிர்க்கட்சி பெரியம்மா.”

பொட்டலத்தை மறுபடி தட்டில் வைக்கும் ஓசை கேட்டது. “அப்படியானால் அடுத்ததைப் படிக்கிறேன், இரு” என்றார்.